கவுண்டர் ஸ்ட்ரைக்: 1.6 முதல் 2 வரை எது பிடிக்கும், எது பிடிக்காது?

கல்முனையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "கவுண்டர் ஸ்ட்ரைக்ல 1.6, சோர்ஸ், ஜிஓ, இப்ப 2 எண்டு எல்லாத்திலயும் உங்களுக்குப் பிடிச்ச அம்சம் எது, பிடிக்காதது எது? எங்கட பொடியனுகள் பத்துப் பேர் இருக்காங்க. ஆறு பழைய கொம்பியூட்டரும் நாலு லேப்டொப்பும் இருக்கு. எதைப் போட்டு விளையாடலாம்?" இருபது வருடத்துக்கு மேலாக மாறிக்கொண்டே வரும் ஒரு கணினித் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் எந்த மாற்றம் அதை வளர்த்தது, எது கெடுத்தது, அதில் உங்கள் பத்துப் பேருக்குப் பொருந்துவது எது என்பதுதான் இதில் கேட்கப்படும் விஷயம். அப்படி எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். ஐந்துக்கு ஐந்து பேர், ஒரு பக்கம் குண்டு வைக்க மற்றப் பக்கம் தடுக்கும் ஆட்டம் என்பதை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறேன். ஸொம்பி, சர்ஃப், டெத்மேட்ச் என்ற வேறு ஆட்ட வகைகளை ஆடுபவர்களுக்கு இந்தத் தராசு ஒத்துவராது.

தராசு இதுதான். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் செத்தால் அந்த ரவுண்ட் முடியும்வரை திரும்பி வர முடியாது. கூட்டாளி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் "நான் ஏன் செத்தேன், வேறு என்ன செய்திருக்கலாம்" என்பது ஆடுபவருக்கு விளங்க வேண்டும். அதை விளங்க வைக்கும் அம்சங்கள் எனக்குப் பிடிக்கும், மறைக்கும் அம்சங்கள் பிடிக்காது. எந்தப் பதிப்பு பழையது, எந்தப் பதிப்பில் சிறு வயதில் ஆடினோம் என்பதை வைத்துச் சண்டை பிடிப்பதால் பலன் இல்லை.

வரலாறு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1999இல் ஹாஃப் லைஃப் ஆட்டத்தின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் செய்த மொட், அதாவது இருந்த ஆட்டத்தை மாற்றிச் செய்த ஆட்டம், இது. வால்வ் நிறுவனம் அதைத் தனதாக்கி 2000 நவம்பரில் விற்பனைக்கு விட்டது. 1.6 வந்தது 2003இல். கண்டிஷன் ஸீரோவும் சோர்ஸும் 2004இல். குளோபல் ஒஃபென்சிவ், அதாவது ஜிஓ, 2012 ஓகஸ்டில். இரண்டாம் பதிப்பு 2023 செப்டெம்பர் 27இல்.

முழு வரிசையிலும் எனக்கு மிகவும் பிடித்தது பண முறைதான். எல்லாரும் ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் 800 டொலருடன் தொடங்குகிறோம். வென்றால் பணம், கொன்றால் பணம், தோற்றாலும் கொஞ்சம் பணம். அந்தப் பணத்தில்தான் அடுத்த ரவுண்டுக்குத் துப்பாக்கி, கவசம், எறிகுண்டு எல்லாம் வாங்க வேண்டும். ஒரு ரவுண்டில் செய்த பிழை அடுத்த இரண்டு ரவுண்டுக்கும் கூடவே வரும். ஒருவனுக்குக் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும், காசை ஊதாரித்தனமாகச் செலவழித்தால் அவனுடைய டீம் பிஸ்டலோடு நிற்கும்.

இந்த முறையை நன்றாகச் செதுக்கியது ஜிஓ. 1.6இல் எந்தத் துப்பாக்கியால் கொன்றாலும் பரிசு 300தான். அதனால் 4750 டொலர் ஏ.டபிள்யூ.பி. ஸ்னைப்பரை ஒருமுறை வாங்கிச் சாகாமல் வைத்திருப்பவன் பணக்காரனாகிக்கொண்டே போவான். ஜிஓவில் ஏ.டபிள்யூ.பி.க்கு 100, ரைஃபிளுக்கு 300, பெரும்பாலான சிறு எந்திரத் துப்பாக்கிகளுக்கு 600, கத்திக்கு 1500 என்று பிரித்தார்கள். பலமான ஆயுதத்துக்குச் சின்னப் பரிசு, பலவீனமானதுக்குப் பெரிய பரிசு. தோல்விப் பணமும் 1400இல் தொடங்கி 500 500ஆக ஏறி 3400 வரை போகும். 2019இல் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. முன்பு ஒரு ரவுண்ட் வென்றாலே அந்த ஏணி அடிமட்டத்துக்கு விழும். இப்போது ஒரு படிதான் இறங்கும். பாதியின் முதல் ரவுண்டான பிஸ்டல் ரவுண்டைத் தோற்றவர்களுக்கும் 1900 கிடைக்கும். நான்கு ரவுண்ட் தோற்று, ஐந்தாவதைப் போராடி வென்று, ஆறாவதில் ஓட்டாண்டியாக நிற்கும் கொடுமை அதோடு ஒழிந்தது.

புதிதாக ஆடுபவர்கள் இதில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றால், ஐந்து பேரும் ஐந்து விதமாக வாங்குவதில். குண்டு வைக்கும் பக்கத்தில் ஒருவனுக்கு முழுச் சாமானும் வேண்டுமென்றால் ஏ.கே. 47க்கு 2700, கவசமும் தலைக்கவசமும் சேர்த்து 1000, ஸ்மோக் 300, ஃப்ளாஷ் 200, பெற்றோல் குண்டு 400, மொத்தம் 4600. பிஸ்டல் ரவுண்டிலும் இரண்டாம் ரவுண்டிலும் தோற்றால் கிடைப்பது 1900உம் 2400உம், கூட்டினால் 4300. இரண்டாம் ரவுண்டில் ஒன்றும் வாங்காமல் இருந்தால் மூன்றாவதில் கிட்டத்தட்ட எல்லாம் வாங்கலாம். அதே இரண்டாம் ரவுண்டில் ஒருவன் மட்டும் 1200 டொலருக்கு ஏதோ வாங்கினால் மூன்றாவதில் அவன் ஏ.கே. வாங்கினால் கவசத்துக்குக் காசு இருக்காது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: குண்டு வைக்கும் பக்கத்தில் இருப்பவர், குண்டும் வைக்காமல் நேரம் முடியும்வரை ஒளிந்து உயிரோடு இருந்தால் அந்த ரவுண்டுக்குரிய தோல்விப் பணம் அவருக்குக் கிடைக்காது. துப்பாக்கியைக் காப்பாற்றியதாக நினைப்பார், கையில் காசு இருக்காது.

அடுத்துப் பிடித்தது ஜிஓ கொண்டுவந்த, மனப்பாடம் செய்யக்கூடிய பின்னுதைப்பு. ஏ.கே.யை அழுத்திப் பிடித்தால் 30 குண்டும் ஒரே பாதையில்தான் போகும். முதலில் மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் வளையும். வெறும் மேப்பில் சுவரைப் பார்த்து நின்று சுட்டால் அந்தக் கோலம் துளைகளாகத் தெரியும். மௌஸை அதற்கு எதிர்த்திசையில் இழுக்கப் பழகினால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். முதல் பத்துக் குண்டுக்கு மட்டும் பழகினாலே போதும், அதற்கு மேல் சுடவேண்டி வந்தால் நிறுத்திவிட்டு மறைவுக்குப் போவதே நல்லது. 1.6இல் இரண்டு மூன்று குண்டாக விட்டு விட்டுச் சுடுவதுதான் சரி. நீளமாகச் சுட்டால் தற்செயலின் பங்கு கூடிவிடும். இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று: ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு போன இடம் தெரியாது. வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் இடப்பக்க விசையை ஒரு கணம் தட்டி நின்று, அந்த நொடியில் சுட வேண்டும். "நான் சுட்டது படவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பங்கு இந்த ஒரு பழக்கம் இல்லாததால் வருவது.

சத்தம் எல்லாப் பதிப்பிலும் நல்ல அம்சம். ஷிஃப்ட்டை அழுத்தி நடந்தால் காலடி கேட்காது, ஓடினால் கேட்கும். எதிரி எந்த வாசலால் வருகிறான், துப்பாக்கியில் குண்டு மாற்றுகிறானா, ஸ்னைப்பரில் கண் வைக்கிறானா என்பதெல்லாம் காதுக்கு வரும் செய்திகள். இதற்கு ஸ்பீக்கர் சரிவராது, இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் தரும் ஹெட்ஃபோன் வேண்டும். நம்முடைய பக்கம் அதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. யுத்தத்தைக் கண்டு வந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில், இரவு ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் கேட்பது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாம் பதிப்பில் எனக்கு மனதார பிடித்தது அதன் புகை. 1.6இல் ஸ்மோக் எறிந்தால் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரித் தெரியும். ஒருவனுக்குத் தடித்த மதில், மற்றவனுக்கு ஓட்டை. பழைய கணினியில் புகை வந்தவுடனேயே படம் இழுபடத் தொடங்கும். ஜிஓவிலும் புகையின் ஓரத்தில் நிற்பவனுக்கு ஒருபக்கமாகத் தெரியும் குறை இருந்தது. இப்போது புகை உண்மையான கனத்தோடு அறையை நிரப்புகிறது, எல்லாருக்கும் ஒரே வடிவில் தெரிகிறது. உள்ளே சுட்டால் குண்டு போன வழியில் துளை விழும். எறிகுண்டு போட்டால் சில நொடிகளுக்கு நடுவில் வெளிக்கும். புகைக்குள் செத்தால் யார் எப்படிச் சுட்டான் என்று இப்போது விளங்கும்.

இனிப் பிடிக்காதவை. 1.6இன் கேடயம் முதலில். 2200 டொலருக்கு, குண்டைத் தடுக்கும் பக்கத்தார் மட்டும் வாங்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் குந்தினால் முன்னாலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலான போட்டிகளில் தடைசெய்தார்கள், சரியாகத்தான் செய்தார்கள். 1.6இல் குந்தும் விசையைத் தட்டித் தட்டி முன்னேறினால் காலடிச் சத்தம் இல்லாமல் வேகமாகப் போகலாம். அது திறமை என்பார்கள். சத்தம்தான் எதிரிக்குக் கிடைக்கும் நியாயமான எச்சரிக்கை என்றால் அதை ஏமாற்றும் வழி எனக்கு ஒட்டவில்லை. சுவருக்கு ஊடாகச் சுடுவது பற்றி நியாயமாக இரண்டு கருத்தும் இருக்கலாம். 1.6இல் அது மிகத் தாராளம், டஸ்ட் 2 மேப்பின் கதவுகளுக்குப் பின்னால் நிற்பவர்கள் அதை நன்றாக அறிவார்கள். காலடியைக் கேட்டு ஊகித்துச் சுடும் கலை அதனால் வளர்ந்தது என்பதும் உண்மைதான்.

சோர்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படம் அழகானது. ஆனால் குண்டு படும் எல்லையும் கண்ணுக்குத் தெரியும் உடலும் பொருந்தவில்லை என்ற முறைப்பாடு கடைசிவரை ஓயவில்லை. உருளும் பீப்பாய்கள் வழியை மறிக்கும். 1.6 ஆடியவர்களில் பலர் மாறவே இல்லை. கண்டிஷன் ஸீரோவில் நல்லது ஒன்று உண்டு: ஆள் குறைந்தால் இடம் நிரப்ப ஆட்டத்தோடு வரும், கணினியே ஆடும் பொட்கள்.

வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடிக்காதது 2013 ஓகஸ்டில் ஜிஓவுக்குள் வந்த, துப்பாக்கி வர்ணமும் அரிதாகக் கத்தியும் உள்ளே கிடைக்கும் பெட்டிகள். துப்பாக்கிக்கு வர்ணம் பூசுவதில் ஒரு பிழையும் இல்லை. பெட்டியை இலவசமாகக் கையில் தந்து, அதைத் திறக்கும் சாவியை 2.49 நிஜ டொலருக்கு விற்று, உள்ளே என்ன வரும் என்பதை அதிர்ஷ்டத்திடம் விடுவதுதான் பிழை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் இதைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பார்த்ததால் 2018இல் அங்கே பெட்டி திறப்பை நிறுத்தினார்கள். கட்டாரில் உழைக்கும் அண்ணனின் கார்ட் நம்பர் ஒரு முறை கணினியில் பதிவானால், பதினெட்டு வயதுப் பொடியன் ஒருவனால் ஒரு இரவில் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். "கத்தி ஒன்று வாங்கி வைத்தால் விலை ஏறும், சேமிப்பு மாதிரி" என்று சொல்பவர்களையும் நம்பவேண்டாம். 2025 ஒக்டோபரில் வால்வ் ஒரு விதியை மாற்றி, சிவப்புத் தரப் பொருட்கள் ஐந்தைக் கொடுத்தால் கத்தியோ கையுறையோ எடுக்கலாம் என்றது. கத்திகளின் விலை உடனே சரிந்தது. ஒரு நிறுவனம் ஒரு நாளில் மாற்றக்கூடிய பெறுமதியைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது.

ஆயுதத்தைச் சோதிக்காமல் வெளியே விடுவது ஜிஓவின் இன்னொரு குறை. 2015 டிசம்பரில் வந்த ஆர் 8 ரிவோல்வர் 850 டொலருக்கு ஸ்னைப்பர் வேலை பார்த்தது, சில நாட்களில் அதன் பலத்தைக் குறைத்தார்கள். 2018இல் ஏ.யு.ஜி. ரைஃபிளின் விலையைக் குறைத்தபோது எல்லாரும் அதையே தூக்கினார்கள், பிறகு விலையை மீண்டும் ஏற்றினார்கள்.

இரண்டாம் பதிப்பில் பிடிக்காதவை மூன்று. முதலாவது, அது ஜிஓவின் இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. 1.6உம் சோர்ஸும் தனி ஆட்டங்களாக இன்னும் கிடைக்கும்போது, ஜிஓவை விரும்பியவர்களுக்கு அந்தத் தெரிவைப் பறித்தது சரியில்லை. இரண்டாவது, 30 ரவுண்ட் ஆட்டம் 24 ஆனது. 13 எடுத்தவர் வெற்றி. ஆட்டம் சீக்கிரம் முடியும், அது நல்லதுதான். ஆனால் பிஸ்டல் ரவுண்டும் அதன் பின்விளைவும் பாதியின் 15இல் இரண்டாக இருந்தது, இப்போது 12இல் இரண்டு. பின்தங்கியவர் எழும்ப இடம் குறைவு.

மூன்றாவது, நேரக் கணக்கு. ஜிஓவின் அதிகாரபூர்வ சேவர், அதாவது ஆட்டத்தை நடத்தும் கணினி, நொடிக்கு 64 தடவை ஆட்டத்தைக் கணக்கிட்டது, வெளியார் சேவர்கள் 128 தடவை. இரண்டாம் பதிப்பு 64இலேயே நின்று, இரு கணக்குகளுக்கு இடையில் நீங்கள் எந்தக் கணத்தில் சுட்டீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புகிறது. இதுவரை உறுதியான விஷயம். இது 128ஐவிட நல்லதா என்பது முடியாத வாதம். "மதிலுக்குப் பின்னால் போன பிறகும் செத்தேன்" என்ற அனுபவத்துக்கு இந்த முறையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, இணைப்பின் தாமதத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆட்டத்தின் அமைப்பில் டெலிமெட்ரி பகுதிக்குப் போய் பிங் (இணைப்பின் தாமதம்), பொதி இழப்பு (வழியில் தொலையும் தரவு) இரண்டையும் எப்போதும் திரையில் காட்டச் சொல்லுங்கள். இழப்பு எண் குதிக்கும் நேரத்தில்தான் இப்படிச் சாகிறீர்கள் என்றால் காரணம் உங்கள் லைன். 4ஜி ரவுட்டர் என்றால் வைஃபையை விட்டுக் கேபிளில் இணையுங்கள், ஆட்டத்தின் அமைப்பில் ஒரு பொதித் தரவை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் இடையகத்தைத் தெரிவுசெய்யுங்கள். கொஞ்சம் தாமதம் கூடும், துள்ளல் குறையும். சென்னை, மும்பை, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வால்வின் சேவர்கள் இருக்கின்றன. ஏற்கும் பிங் அளவை 100க்குக் கீழே வைத்துத் தேடிப்பாருங்கள், ஆட்டம் கிடைக்கவில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள்.

உங்கள் பத்துப் பேருக்கு என் பதில் 1.6. காரணம் பழைய நினைவு இல்லை, கணினிதான். 1.6 கேட்பது 500 மெகாஹெர்ட்ஸ் புரொசசர், 96 எம்பி நினைவகம். இரண்டாம் பதிப்பு கேட்பது நான்கு த்ரெட் உள்ள புரொசசர், 8 ஜிபி நினைவகம், டைரெக்ட்எக்ஸ் 11 ஏற்கும் 1 ஜிபி கிராஃபிக்ஸ், 85 ஜிபி இடம். ஆறு பழைய கணினிகளில் அது ஏறாது. 1.6ஐ ஸ்டீமில் காசு கொடுத்தே வாங்குங்கள். கண்ட தளத்தில் இறக்கும் பிரதிகள் உங்கள் அமைப்புக் கோப்பை மாற்றி, தெரியாத சேவருக்கு இழுத்துக்கொண்டு போகும், வைரஸும் கூடவே வரும்.

பத்துப் பேருக்கு 8 வாய் ஸ்விட்ச் போதாது, 16 வாய் ஒன்று எடுங்கள். கேபிள் கெட் 5இ போதும். இணையம் தேவையில்லை. லேப்டொப்களில் பலமானதைச் சேவராக வைத்து, விண்டோஸ் ஃபயர்வோலில் 27015 யுடிபி வாசலைத் திறந்துவிடுங்கள். "சேவர் காட்டவில்லை" என்ற பிரச்சினைக்கு முதல் காரணம் இந்தப் பூட்டு, இரண்டாவது காரணம் ஒரு லேப்டொப் வைஃபையில் வேறு வலையில் நிற்பது. ஒவ்வொரு கணினியிலும் ரேட் 25000, அப்டேட் ரேட் 101, கமாண்ட் ரேட் 101, படவேக எல்லை 101 என்று வையுங்கள். விண்டோஸ் மௌஸ் அமைப்பில் சுட்டித் துல்லியத்தைக் கூட்டும் பெட்டியில் உள்ள சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கை பழகவே பழகாது. கரண்ட் போனால் சேவர் லேப்டொப் பட்டரியில் நிற்கும், ஸ்விட்ச் நிற்காது. ஒரு சின்ன யுபிஎஸ் ஸ்விட்சுக்கு மட்டும் போதும்.

விதிகளைப் பழைய போட்டி அளவில் வையுங்கள்: தொடக்கப் பணம் 800, ரவுண்ட் நேரம் 1.75 நிமிடம், குண்டு 35 நொடி, தன் டீமைச் சுட்டாலும் படும். அமைப்பைத் தொடாமல் விட்டால் ரவுண்ட் 5 நிமிடம் ஓடும், ஆளுக்கு ஒரு மூலையில் குந்திக்கொள்வார்கள். 16000 டொலருடன் தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நெட் கஃபேயில் ஐஸ்வேர்ல்ட் என்ற சின்ன மேப்பில் அரைமணி நேரம் போக்க அது சரி, டஸ்ட் 2இல் அப்படி ஆடினால் நான் மேலே புகழ்ந்த பண முறை முழுவதும் போய்விடும்.

நான்கு லேப்டொப்காரர்கள் பக்கத்தில் இரண்டாம் பதிப்பையும் பார்க்கலாம், அது இலவசம். தரப்பட்டியல் ஆட்டத்துக்கு வேண்டிய பிரைம் 14.99 நிஜ டொலர், ஒரு மாதம் ஆடிப் பிடித்தால் மட்டும் வாங்குங்கள். ஒருவர் இரவு டேட்டாவில் இறக்கினால் போதும். ஸ்டீமிலேயே ஒரு வலையில் உள்ள கணினிக்குக் கணினி கோப்பை மாற்றும் வசதி இருக்கிறது, மற்ற மூவரும் ஸ்விட்ச் வழியாக எடுத்துக்கொள்ளலாம். எதிரெதிர்த் திசை விசைகளைத் தானாகவே சரிசெய்யும் கீபோர்ட் யாரிடமாவது இருந்தால் அந்த வசதியை அணைத்து வையுங்கள். 2024 ஓகஸ்டிலிருந்து அதிகாரபூர்வ சேவர்கள் அதைக் கண்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றும். திரை அளவை 1280க்கு 960 ஆக்குங்கள், சார்ஜரைச் செருகியே ஆடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் ஆடும்போது முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படவேகம் பாதியாக விழுந்தால் அது ஆட்டத்தின் பிழை இல்லை. லேப்டொப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, காற்றாடி வாயில் உள்ள தூசியைத் துலக்கி, படவேக எல்லையை 60 அல்லது 75க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் புரொசசருக்கு மேல் பூசும் வெப்பப் பசை காய்ந்திருக்கும், திருத்துபவரிடம் கொடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.